வருவதற்கு மூன்றே கால், போவதற்கு ஒன்றே கால்

கலமாரியா, தெசலோனிக்கி
11 அக்டோபர் 1993

லாசரோசுக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. வராததை எழுதி என்ன ஆகப்போகிறது, விட்டுவிட்டேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போன தடவை நீ பாதியில் ரிசீவரை வைத்தாய். அதற்கு முந்தைய தடவை நான் வைத்தேன். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, முழுக்கப் படித்தாக வேண்டும்.

கல்லறைத் தோட்டத்து அலுவலகத்திலிருந்து தாள் வந்திருக்கிறது. வருகிற நவம்பர் 24-ஆம் தேதியோடு அம்மாவைப் புதைத்து மூன்று வருடம் ஆகிறது. இடம் அடுத்தவருக்கு வேண்டும். தோண்டி எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். டிசம்பர் 2, வியாழக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு நேரம் குறித்திருக்கிறார்கள். வீட்டு ஆள் யாரும் வராவிட்டால் எலும்பு பொதுக் குழிக்குப் போகும். அதைக் கீழே சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள்.

நம் வீட்டு வழக்கம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைத் துணியை விரித்துத் தலையை ஏந்திக்கொள்வது மகன். அப்பாவுக்கு நீதான் துணி பிடித்தாய். அம்மாவுக்கும் நீதான் பிடிக்க வேண்டும்.

நேற்று பயண டிக்கெட் கடைக்குப் போய்க் கேட்டேன். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் சுவரில் இருந்த வரைபடத்தில் அடிக்கோலை வைத்துக் காட்டினாள். "ஸ்டுட்கார்ட்லருந்து நம்ம ஊர் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர்ங்க. ரெண்டே கால் மணி நேரம். செவ்வாய், வியாழன், சனி பிளேன் இருக்கு." ரெண்டே கால் மணி நேரம், லாசரோஸ். நான் பீன்ஸ் சூப்பை அடுப்பில் ஏற்றி இறக்குகிற நேரம். அதற்குள் நீ அங்கிருந்து இங்கே வந்துவிடலாம். அடக்கத்தன்றும் வந்திருக்கலாம். அன்று சாயங்காலம் போன் செய்து, "பிளேன விட்டுட்டேன்க்கா" என்றாய். உன் குரல் அடுத்த தெருவில் இருந்து பேசுகிற மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

செவ்வாய்க்கிழமை பிளேனில் வா. இரண்டு நாள் முன்னாலேயே வந்து வீட்டில் இரு.

பார்த்தேனா


ஸ்டுட்கார்ட்
20 அக்டோபர் 1993

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நடுவில் வைக்கவில்லை. சந்தோஷமா?

வருடக் கடைசி. தொழிற்சாலையில் என் கீழே பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். ஒருத்தன் நேரம் தவறினால்கூட மொத்த வரிசையும் நிற்கும். இங்கே அட்டையைக் கடிகார யந்திரத்தில் செருகி நேரம் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் என் அட்டையில் சிவப்பு விழுந்ததே இல்லை. உன் சலவைக் கடையில் போல, மழை வருகிறது என்று கதவை இழுத்து மூடிவிட்டு வர முடியாது.

எலும்பு எலும்புதான். நீ இருக்கிறாய், கிரியாகி அத்தை இருக்கிறாள், பாதிரியார் இருக்கிறார். துணியை யார் பிடித்தால் என்ன?

இன்னொன்று. தூரத்தை அளந்து எழுதியிருக்கிறாய். நானும் ஒன்று கேட்கிறேன். ஸ்டுட்கார்ட்டில் இருந்து கலமாரியா ஆயிரத்து நானூறு என்றால், கலமாரியாவில் இருந்து ஸ்டுட்கார்ட் எவ்வளவு? அந்தப் பெண்ணின் அடிக்கோலைத் திருப்பி வைத்து அளந்து பார்த்தாயா? இருபத்திரண்டு வருடத்தில் அம்மாவும் நீயும் ஒரு தடவை, ஒரே தடவை அந்தப் பிளேனில் ஏறியிருப்பீர்களா? என் மகன் ஞானஸ்நானத்துக்கு நாற்காலி போட்டு வைத்திருந்தேன். இரண்டு நாற்காலி. கடைசியில் என் மனைவி ரெனாட்டாவின் கோட்டையும் பையையும் அதில் வைத்தோம்.

ஒவ்வொரு ஆகஸ்டும் நான்தான் வந்தேன். சுமந்து வந்தவன் நான். வராதவன் என்ற பெயரும் எனக்கே.

லாசரோஸ்


கலமாரியா
30 அக்டோபர் 1993

லாசரோஸ்,

நாற்காலி விஷயம் சுட்டது. இல்லை என்று சொல்ல மாட்டேன். அம்மா பாஸ்போர்ட் எடுத்தாள், உனக்குத் தெரியாது. போட்டோவுக்குத் தலைத்துணியை எடுக்கச் சொன்னார்கள் என்று ஒரு வாரம் கோபம். பிறகு முட்டி வலி, பிறகு இரத்த அழுத்தம், பிறகு பாஸ்போர்ட்டே காலாவதி. நான் தனியாக வந்திருக்கலாம். வரவில்லை. அம்மாவை யாரிடம் விட்டுவிட்டு வருவேன்? கேட்கிறேன், சொல்.

ஆனால் அவள் உன்னை என்றைக்கும் வராதவன் என்று சொன்னதில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். நீ முதல் வருடம் அனுப்பிய பிளேன் நேர அட்டையை அவள் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள். ஸ்டுட்கார்ட்டில் ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினால் இங்கே ஒரு மணி. இங்கே ஒன்று ஐம்பதுக்குக் கிளம்பினால் அங்கே மூன்று ஐந்து. விரல் விட்டு எண்ணிப் பார்த்து அவளே ஒரு கணக்குக்கு வந்தாள்: "புள்ளைக்கு இங்க வர்றதுக்கு மூணே கால் மணி நேரம் ஆகுது. திரும்பிப் போறதுக்கு ஒண்ணே கால்தான். வர்றது மேடு போல இருக்கு. பாவம், மேடு ஏறி வரணும்."

நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "அம்மா, ரெண்டும் ஒரே தூரம். நம்ம ஊர்ல மணி அவங்க ஊரைவிட ஒரு மணி நேரம் முன்னால ஓடுது. அவ்வளவுதான்." கேட்கவே மாட்டாள். நீ ஒரு ஆகஸ்டு வராமல் போனால் எனக்குத்தான் வகுப்பு எடுப்பாள்: "நீ என்னடி பேசுற, அவனுக்கு மேடு."

நீயாவது அவளுக்கு எடுத்துச் சொன்னாயா? நீதான் இங்கே வந்து இறங்கினாலும் கைக்கடிகாரத்தைத் திருப்பாத துரை ஆயிற்றே. மேஜையில் மீன் ஆறிப்போகும், நீ ஒரு மணி நேரம் கழித்து வந்து மணிக்கட்டை நீட்டுவாய்: "இது ஜெர்மன்காரன். உங்க ஊருக்காக மாற மாட்டான்." அம்மா சிரிப்பாள். நான் மீனைத் திரும்பச் சுட வைப்பேன்.

இப்போது அடக்கத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அவள் வியாழக்கிழமை போனாள். வெள்ளிக்கிழமையே எடுத்திருக்க வேண்டும். சனிக்கிழமை உன் பிளேன் என்பதால் நான்தான் நிறுத்தினேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாதிரியாரிடம் மன்றாடினேன். ஒன்றரைக்கு ஜெபம், இரண்டு மணிக்குக் குழி. இரண்டு மணிக்குப் பெட்டியை மூட வந்தார்கள். நான் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டேன். "தம்பி வந்து முத்தம் கொடுக்கணும்" என்றேன். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி. தூறல் விழுந்தது, அம்மாவின் நெற்றியில் விழுந்ததை என் கைக்குட்டையால் துடைத்தேன். பாதிரியார் என் காதருகே வந்து, "போதும்மா, அவங்க நனையறாங்க" என்றார். அப்புறம்தான் கையை எடுத்தேன்.

அந்தக் கை இன்னும் வலிக்கிறது. நீ வரவில்லை என்றால் டிசம்பர் 2-ஆம் தேதி நானும் போக மாட்டேன். பொதுக் குழியில் போடட்டும். அவள் பெத்த இரண்டில் ஒன்றும் வரவில்லை என்று எழுதிக்கொள்ளட்டும்.

பார்த்தேனா


ஸ்டுட்கார்ட்
12 நவம்பர் 1993

அக்கா,

பத்து நாளாக இதை எழுதுகிறேன், கிழிக்கிறேன். எழுதாமல் இருந்திருந்தால் நான் கெட்டவனாக மட்டும் இருந்திருப்பேன். எழுதினால் முட்டாளும் ஆவேன். மூன்று வருடமாக அதற்குத்தான் பயந்தேன்.

நான் பிளேனைத் தவற விடவில்லை. வந்தேன்.

ஒரு மணிக்கு மிக்ரா விமான நிலையத்தில் இறங்கினேன். இரண்டு மணிக்குக் குழி என்று நீ சொல்லியிருந்தாய். என் கடிகாரத்தில் பன்னிரண்டு. இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று அங்கேயே காபிக் கடையில் உட்கார்ந்தேன். ஒன்றரை ஜெபத்துக்கு வர எனக்குத் தைரியம் இல்லை. எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்க வேண்டும். இரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நேராகக் குழிக்கு வந்து, முத்தம் கொடுத்து, மண் போட்டுவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு கிளாஸ் சிப்புரோ சாராயம் குடித்தேன், இன்னொன்றும் குடித்தேன். அந்தக் கடைச் சுவரில் கடிகாரம் இருந்ததா என்று இன்றுவரை யோசிக்கிறேன். இருந்திருக்கத்தான் வேண்டும். பிளேன் பிடிக்கிற இடத்தில் கடிகாரம் இல்லாமலா?

என் கடிகாரத்தில் இரண்டுக்கு ஐந்து நிமிடம். சரியாக வந்து சேர்ந்தேன். மண் மேடு தட்டி முடித்து, மலர் வளையம் சாத்தியிருந்தது. தோண்டுகிறவன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். "இது யாருது?" என்று கேட்டேன். "சீமெலா அம்மா. அரை மணி நேரம் மகனுக்காக நிறுத்தி வெச்சாங்க, பாவம்" என்றான். அப்போதுதான் எனக்கு மணி என்னவென்று புரிந்தது.

அடக்கம் முடிந்து எல்லாரும் உட்காருகிற கல்லறைத் தோட்டத்துக் காபிக் கூடத்தின் கதவு திறந்திருந்தது. நீ கறுப்புக் காபியைக் கையில் வைத்திருந்தாய், அத்தை எல்லாருக்கும் பிராந்தி ஊற்றிக்கொண்டிருந்தாள். யாரோ, "லாசரோஸ் எங்க?" என்று கேட்டார். நீ சொன்னாய்: "அவன் ஜெர்மன்காரன். அவன் மணிக்குத்தான் வருவான்." ஒருத்தர் சிரித்தார். நான் வாசலுக்கு நாலு அடி தள்ளி நின்றிருந்தேன். உள்ளே வந்து என்ன சொல்வது? மணிக்கட்டை நீட்டிக் காட்டுவதா?

ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் செவ்வாய்க்கிழமை வரைக்கும் கிடந்தேன். உனக்குப் போன் செய்தது அங்கிருந்துதான். குரல் தெளிவாக இருந்ததற்குக் காரணம் அது.

துணி பிடிக்க ஏன் தயங்குகிறேன் என்று உனக்கு இன்னும் புரியவில்லையா? அப்பாவைத் தோண்டியபோது எனக்கு இருபது வயது. துணியை விரித்து நின்றேன். அவர் கரையவே இல்லை, அப்படியே இருந்தார். மறுபடி மூடினார்கள். பெண்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "யார் மேலயோ மனத்தாங்கல் வெச்சுருக்கார், அதான் மண்ணு ஏத்துக்கல" என்றாள் அத்தை. ஜெர்மனி போகிறேன் என்று அவரோடு சண்டை போட்டது நான்தான், ஊருக்கே தெரியும். அடுத்த வருடம் கிளம்பிவிட்டேன். அவரை மறுபடி தோண்டி எடுத்தபோது நான் ஊரில் இல்லை. அம்மாவும் அப்படியே கிடந்தால்? யார் மேல் மனத்தாங்கல் என்று யாரும் கேட்கக்கூட வேண்டாம்.

வருகிறேன். ஆனால் வியாழக்கிழமை பிளேனில். ஒரு மணிக்கு இறங்கி இரண்டு மணிக்கு வந்து நிற்பேன். செவ்வாயே வந்து அந்த வீட்டில் இரண்டு ராத்திரி படுக்க என்னால் முடியாது. அலமாரிக் கதவைத் திறந்தால் அந்த அட்டை இருக்கும்.

லாசரோஸ்


கலமாரியா
19 நவம்பர் 1993

லாசரோஸ்,

சொன்னேன். ஆமாம், அந்த வார்த்தையைச் சொன்னேன். அழுகை வராமல் இருக்கச் சொன்னேன். சிரித்தது மளிகைக் கடை யோர்தானிஸ். அவன் எதற்கும் சிரிப்பான்.

நாலு அடி என்று எழுதியிருக்கிறாய். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் வந்துவிட்டு நாலு அடி வர முடியவில்லை உனக்கு. உன்னை அடிப்பதா, உட்கார்ந்து அழுவதா என்று தெரியாமல் அன்று கடையில் ஒரு பாதிரியாரின் அங்கியைக் கருக்கிவிட்டேன். நான் மூன்று வருடம் உன்னை வராதவன் என்று திட்டியபோதெல்லாம் நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். என்னைப் பாவியாக்கி வேடிக்கை பார்த்தாய்.

வியாழன் வேண்டாம். செவ்வாய் வா. டிசம்பரில் இங்கே மூடுபனி எப்படி என்று மறந்துவிட்டாயா? வளைகுடாவிலிருந்து ஏறி வந்தால் எதிர்வீட்டு மாடி தெரியாது, பிளேன் இறங்காது. அட்டையைக் கிழித்து எறிந்துவிடுகிறேன், அதற்காக வராமல் இருக்காதே. அத்தை வீட்டில் படுத்துக்கொள். லாட்ஜிலேயே படுத்துக்கொள், உனக்குத்தான் பழக்கமாயிற்றே. ஆனால் செவ்வாய் வா.

கடிகாரத்தைத் திருப்பு.

அக்கா


ஏதென்ஸ் விமான நிலையம்
2 டிசம்பர் 1993

அக்கா,

ஸ்டுட்கார்ட்டில் சோதனை முடிந்து உள்ளே போனதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினேன். பக்கத்தில் இருந்தவன், "இன்னும் கிளம்பவே இல்ல, அதுக்குள்ளயா?" என்றான். நம்ம ஊர்க்காரன்தான்.

ஒரு மணிக்கு உன் தலைக்கு மேல் இருந்தேன். பைலட் சொன்னார், கீழே தெசலோனிக்கி, மூடுபனி, கொஞ்சம் காத்திருப்போம் என்று. சுற்றினோம். ஜன்னலில் பால் கொட்டியது போல் வெள்ளை, வேறு ஒன்றும் இல்லை. ஒன்றரை. ஒன்றே முக்கால். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், இந்தத் தடவை அது சரியான நேரம் காட்டியது. பிறகு ஏதென்சுக்குத் திருப்பிவிட்டார்கள். இரண்டு மணிக்கு நான் எங்கேயோ கடல் மேல் இருந்தேன்.

செவ்வாய் வா என்று நீ சொன்னாய். தெரியும். எழுத வேண்டாம்.

கவுண்டரில் இருக்கும் பெண் நல்ல மாதிரி. "அஞ்சரைக்கு ரயில் இருக்கு, ராத்திரிக்குள்ள போயிடலாம். வேணாம்னா ஏழு மணி மியூனிக் பிளேன்ல இடம் போட்டுத் தரேன், டிக்கெட்டை மாத்திக்கலாம்" என்றாள். ரயில் ஆறு மணி நேரம். ஐநூறு கிலோமீட்டர். இந்நேரம் தோண்டி முடித்திருப்பார்கள். எப்படி வெளியே வந்தாள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய வேண்டும், தெரியவும் வேண்டாம்.

நாலரை ஆகிறது. எழுந்து போய் ரயில் டிக்கெட் கேட்க வேண்டும். இதை முதலில் தபாலில் போட்டுவிடுகிறேன்.

லாசரோஸ்


கலமாரியா
3 டிசம்பர் 1993

லாசரோஸ்,

நேற்று ஒரு மணியிலிருந்து உன் சத்தம் கேட்டது. கல்லறைத் தோட்டத்தில் கைநீளத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மேலே பிளேன் சுற்றிச் சுற்றி வந்தது. அத்தை சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, "புள்ள எறங்க எடம் தேடுது" என்றாள். பிறகு சத்தம் தெற்கே போய்த் தேய்ந்தது. விமான நிலையத்துக்குப் போன் செய்து கேட்டேன், ஏதென்சுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். உன் பேர் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேட்டேன். இருந்தது.

அதனால் பனிக்காக உன்னைத் திட்ட மாட்டேன். இந்தத் தடவை நீ நேரத்துக்கு வந்தாய். அதை நான் எல்லாரிடமும் சொன்னேன், யோர்தானிஸிடமும் சொன்னேன்.

ஏதென்ஸ் ரயில் நேற்று ராத்திரி பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் வரும் என்றார்கள். அடுத்தது காலை ஆறு மணிக்கு. இரண்டுக்கும் ஸ்டேஷனுக்குப் போனேன். காலை ரயிலில் கடைசிப் பெட்டிவரைக்கும் பார்த்தேன். எதிரே ஒரு லாட்ஜ் இருக்கிறது, உன் லாட்ஜ் அதுதான் என்று நினைக்கிறேன். உள்ளே போய்ப் பேரைச் சொல்லிக் கேட்டேன். அந்தப் பேரில் யாரும் இல்லை என்றான். ஸ்டுட்கார்ட்டுக்குப் போன் செய்தேன். ரெனாட்டா எடுத்தாள். எனக்கு ஜெர்மன் தெரியாது, அவளுக்கு நம் பேச்சு தெரியாது. "லாசரோஸ்?" என்றேன். "தூக்கம்" என்று நம் பாஷையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். நீதான் சொல்லிக் கொடுத்திருப்பாய். நீ அங்கே உன் வீட்டில் படுத்திருக்கிறாய் என்று புரிந்துகொண்டேன்.

இனி அம்மா விஷயம். பயப்படாமல் படி.

சுத்தமாக வந்தாள். மண் ஒட்டக்கூட இல்லை. எல்லாம் மெழுகு நிறம். அத்தை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, "இவளுக்கு யார் மேலயும் ஒண்ணும் இல்ல. நிம்மதியா தூங்கிருக்கா" என்றாள். மற்ற பெண்களும் அதையே சொன்னார்கள். துணியை நானே விரித்தேன், தலையை நானே ஏந்திக்கொண்டேன். வைன் ஊற்றிக் கழுவினோம். எலும்பைப் பெட்டியில் அடுக்கிப் பேர் எழுதி, அப்பா பெட்டிக்குப் பக்கத்துத் தட்டில் வைத்திருக்கிறேன். நீ பயந்து ஓடினாயே, அங்கே பயப்பட ஒன்றுமே இல்லை. அவள் உன் மேல் ஒரு குறையும் வைத்திருக்கவில்லை. வைத்திருந்தவள் நான்தான், நான் மண்ணுக்கு மேலே இருக்கிறேன். அதைப் பார்க்க நீ வந்திருக்கலாம்.

சாயங்காலம் அட்டையைக் கிழிக்க அலமாரியைத் திறந்தேன். கிழிக்கவில்லை. மூணே கால், ஒண்ணே கால் என்று அவள் பென்சிலால் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள். இருபது வருடம் அவளோடு சண்டை போட்டேன், இரண்டும் ஒரே தூரம்தான் என்று.

அவள் சொன்னதுதான் சரி. இங்கே வருவது உனக்கு மேடு.

பார்த்தேனா